டிராகன் செதிலை எதைக் கொண்டு அறுப்பது? – வாசகர் கேள்வி பதில்

மிகைபுனைவு எழுதும் வாசகர்களும், அத்தகைய விளையாட்டுகளில் ஈடுபாடுள்ள வாசகர்களும், புராண விலங்குகளின் உடலிலிருந்து எடுக்கப்படும் பொருள்களைப் பற்றி அனுப்பிய கேள்விகள் சேர்ந்துகொண்டே போனதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில், விவரமாக எழுதப்பட்ட கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: நான் எழுதிவரும் நாவலில், வேட்டையில் வீழ்ந்த ஒரு டிராகனின் செதில்களைக் கொண்டு கொல்லரின் மகள் ஒருத்தி கவசம் செய்கிறாள். அந்தச் செதில்களில் வாளும் அம்பும் இறங்கா. நெருப்பும் அவற்றை ஒன்றும் செய்யாது. கையெழுத்துப் பிரதியைப் படித்த என் தங்கை, "எதுவுமே இறங்காத செதிலில் இவள் மட்டும் எப்படித் துளை போட்டாள்?" என்று கேட்டுவிட்டாள். மந்திர ஊசி என்று எழுதிச் சமாளிக்க எனக்கு விருப்பமில்லை. வேறு வழி இருக்கிறதா? (ஒரு நாவலாசிரியை)

பதில்: உங்கள் தங்கை கேட்டது சரியான கேள்வி. இந்த வகைக் கதைகளில் பெரும்பாலானவை, விலங்கைக் கொல்லும் காட்சிக்குப் பத்துப் பக்கங்களும், கவசம் உருவாகும் காட்சிக்கு ஒரே ஒரு வரியும் ஒதுக்குகின்றன. கதையின் சுவாரசியம் அந்த ஒற்றை வரிக்குள்தான் புதைந்து கிடக்கிறது என்பது எங்கள் கருத்து.

பழைய கிரேக்கக் கதை சொல்லிகள் இந்தச் சிக்கலை முன்பே சந்தித்திருக்கிறார்கள். நெமியாவில் திரிந்த சிங்கத்தின் தோலை எந்த ஆயுதமும் கிழிக்காது. அதனால் ஹெராக்ளிஸ் என்ற வீரன் அதன் கழுத்தை நெரித்துக் கொன்றான். கொன்ற பிறகு தோலை எப்படி உரிப்பது என்ற கேள்வி எழுந்தபோது, அந்தச் சிங்கத்தின் நகத்தையே கத்தியாகப் பயன்படுத்தினான் என்று கதை போகிறது. மந்திரத்தை நாடாமல், விலங்கின் உடலுக்குள்ளேயே விடையைத் தேடியிருக்கிறார்கள். கைவினைஞர்களின் உலகத்திலும் இதற்குச் சான்று உண்டு. வைரத்தை வைரப் பொடியைக் கொண்டுதான் தேய்க்கிறார்கள். வைரத்தின் கடினத்தன்மை எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக இருப்பதில்லை என்பதால், பொடியில் கலந்து கிடக்கும் துகள்களில் சில, கல்லின் சற்றே இளகிய திசையைப் பிடித்துவிடுகின்றன.

ஆகவே உங்கள் கொல்லர் மகள் முதலில் ஊசியைத் தேடக் கூடாது. போரில் உடைந்த செதில்களைத் தேட வேண்டும். உடைசல்களை ஒன்றோடொன்று மோதி நொறுக்கி, பொடியாக்கி, எண்ணெயில் குழைத்துக்கொள்ளட்டும். துளையிடுவதற்கு எஃகு முனையைவிடச் செம்புக் குழாயின் முனையே ஏற்றது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். செம்பு மென்மையானது; கடினமான துகள்கள் அதில் பதிந்து நிற்கும்; அறுப்பது செம்பு அல்ல, அதில் பதிந்த துகள்களே. வில்லின் நாணைக் குழாயைச் சுற்றி ஒரு முறை வளைத்து, வில்லை முன்னும் பின்னுமாக இழுத்துச் சுழற்றும் துரப்பணம் மிகப் பழைய கருவி. பெரும்பாலும் பச்சை நிறமுடைய ஜேடு கல்லைப் பண்டைய கைவினைஞர்கள் இப்படித்தான் மணலும் நீரும் சேர்த்துப் பொறுமையாகத் துளைத்தார்கள். அது ஜேடைவிடக் கடினமான மணல் என்பதுதான் இரகசியம். ஒரு துளை விழுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்றால், நூற்றுக்கணக்கான செதில்கள் உள்ள ஒரு கவசத்துக்கு எத்தனை மாதங்கள் ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்த மாதங்கள் உங்கள் கதைக்குக் கிடைக்கும் கொடை. அதற்குள் எதிரி வந்துவிடுவானா என்ற பதற்றம் தானாகவே பிறக்கும்.

அடுத்து, எங்கே துளையிடுவது என்பதும் முக்கியம். அழுங்கு என்றும் அழைக்கப்படும் எறும்புத்தின்னியின் செதில்கள் அடிப்பகுதியிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கின்றன. நுனி தேய்ந்துகொண்டே இருக்கிறது. புதிதாக வளர்ந்த அடிப்பகுதி, நுனியைப்போல் காய்ந்து இறுகியிருக்காது. உங்கள் டிராகனுக்கும் இதே வளர்ச்சி முறையைக் கொடுத்துவிட்டால், விலங்கு இறந்த சில நாள்களுக்குள் செதிலின் வேர்ப்பகுதியில் துளையிட்டாக வேண்டும், காய்ந்துவிட்டால் முடியாது என்ற ஒரு விதி கிடைக்கும். பொடி, வேர் ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் சேர்த்துக்கொண்டால் வேலை எளிதாகி, கதை வலுவிழந்துவிடும்.

செதில் எதனால் ஆனது என்பதையும் நாவலின் முதல் அத்தியாயத்துக்கு முன்பே நீங்கள் தீர்மானித்திருக்க வேண்டும். பாம்பின் செதில், குதிரையின் குளம்பு, நம்முடைய நகம் ஆகியவை கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. முதலையின் முதுகில் மேட்டுமேடாகத் தெரிபவற்றுக்கு அடியில் எலும்புத் தகடுகள் இருக்கின்றன. அமேசான் ஆற்றில் வாழும் அரபைமா மீனின் செதில் இன்னொரு வகை: வெளிப்புறம் தாதுச் சத்து மிகுந்த கடினமான மெல்லிய படலம், உட்புறம் அடுக்குக்கு அடுக்குத் திசைமாறிப் பின்னிய கொல்லாஜன் என்ற புரத நார்கள். பிரானா மீனின் பல் வெளிப்படலத்தில் விரிசல் உண்டாக்கினாலும், அந்த விரிசல் உள்ளே பரவாமல் நார் அடுக்குகள் தடுத்துவிடுகின்றன. முழுக்க முழுக்கக் கடினமான செதில் நல்ல கவசம் ஆகாது. பலத்த அடி விழுந்தால் சிதறிவிடும். கடினமும் நெகிழ்வும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் செதிலே போர்க்களத்தில் தாக்குப்பிடிக்கும்.

எடையைப் பொறுத்தவரை உங்கள் நாயகிக்கு நல்ல செய்தி உண்டு. கெரட்டினின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.3 கிராம், எஃகின் அடர்த்தி 7.8 கிராம். ஒரே பருமனுள்ள செதில் கவசம் எஃகுக் கவசத்தின் எடையில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும் என்பதால், செதில்களைத் தாராளமாகத் தடிமனாக வைத்துக்கொள்ளலாம். நெருப்பு விஷயத்தில்தான் எச்சரிக்கை தேவை. செதில் எரியாமல் இருப்பது வேறு, வெப்பம் உள்ளே கடக்காமல் இருப்பது வேறு. செதில் எரியாவிட்டாலும் அதற்குள் இருப்பவர் வெந்துபோகலாம். உண்மையான கவசம் அணிந்தவர்கள் பலர் உள்ளே பஞ்சோ கம்பளியோ திணித்துத் தைத்த தடித்த உடையையும் அணிந்தார்கள். அது அடியின் அதிர்வையும் தாங்கியது. உங்கள் நாயகிக்கும் அதைத் தைத்துக் கொடுத்துவிடுங்கள்.

இவையெல்லாம் வெறும் ஊகம் என்று யாராவது சொன்னால், பௌசேனியஸ் என்ற கிரேக்கப் பயணி கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுதியதைக் காட்டலாம். ஏதென்ஸ் நகரில் அஸ்கிலீப்பியஸ் என்ற மருத்துவக் கடவுளின் கோயிலில் அவர் ஒரு மார்புக் கவசத்தைப் பார்த்தார். இரும்பு கிடைக்காத சர்மேசியர் என்ற புல்வெளி நாடோடி மக்கள் அதைக் குதிரைக் குளம்புகளால் செய்திருந்தார்கள். குளம்புகளைச் சேர்த்துச் சுத்தம் செய்து, டிராகனின் செதில்களைப்போலப் பிளந்து, துளையிட்டு, குதிரை மற்றும் மாட்டின் தசைநார்களால் கோத்திருந்தார்கள் என்று அவர் விவரிக்கிறார். டிராகனைப் பார்த்திராதவர்கள் பச்சைப் பைன் காயையாவது பார்த்திருப்பார்கள், அதன் மேற்பரப்பைப்போல இருக்கும் என்று ஒரு விளக்கமும் சேர்க்கிறார். அழகிலும் உறுதியிலும் அது கிரேக்கக் கவசத்துக்குக் குறைந்ததல்ல என்பது அவருடைய தீர்ப்பு. இங்கிலாந்தின் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில், இந்தியாவிலிருந்து மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு 1820-ஆம் ஆண்டில் அளிக்கப்பட்டதாகப் பதிவான, எறும்புத்தின்னிச் செதில்களாலான அங்கி ஒன்றும் இருக்கிறது.

கடைசியாக ஒரு சிறு குறிப்பு. செதில்கள் ஓட்டுக்கூரையைப்போல மேலிருந்து கீழாகப் படிந்திருப்பதால், மேலிருந்து விழும் வெட்டு வழுக்கிவிடும். கீழிருந்து மேல்நோக்கிச் செருகும் குத்து ஓடுகளுக்கு இடையே புகுந்துவிடும். குதிரைமேல் இருக்கும் வீரனைத் தரையில் நிற்பவன் எப்படித் தாக்குவான் என்பதை இதிலிருந்து நீங்களே வரைந்துகொள்ளலாம்.

கேள்வி: உலோகச் செதில் கொண்ட விலங்கு என்று எழுதினால் அறிவியல் தெரிந்தவர்கள் சிரிப்பார்களா? (கல்லூரி மாணவர் ஒருவர்)

பதில்: அறிவியல் தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள், அரைகுறையாகத் தெரிந்தவர்கள் வேண்டுமானால் சிரிக்கலாம். இந்தியப் பெருங்கடலின் அடியில், கொதிநீர் ஊற்றுகளின் ஓரத்தில் வாழும் ஒரு நத்தையின் பாதத்தைச் சுற்றிலும் இரும்புச் சல்பைடு பூசிய செதில்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. 2001-ஆம் ஆண்டில் கெய்ரெய் என்ற ஊற்றுப் பகுதியில், ஏறத்தாழ 2,400 மீட்டர் ஆழத்தில் இது கண்டுபிடிக்கப்பட்டது. ஓட்டின் வெளி அடுக்கிலும் இரும்புச் சல்பைடு உண்டு. அதற்கு அடியில் தடித்த கரிமப் படலமும், அதற்கும் உள்ளே சுண்ணாம்புப் படலமும் இருக்கின்றன.

கதை எழுதுகிறவர்களுக்கு இதில் பயன்படக்கூடிய செய்தி வேறொன்று. இதே நத்தை, இரும்பு மிகக் குறைவாக உள்ள சாலிட்டெய்ர் என்ற வேறோர் ஊற்றுப் பகுதியிலும் வாழ்கிறது. அங்குள்ள நத்தைகளின் செதில்களில் இரும்புப் பூச்சு இல்லை. அவை வெளிறிப்போய் இருக்கின்றன. அதாவது, உலோகம் விலங்கின் இரத்தத்திலிருந்து அதிசயமாக ஊறி வருவதில்லை. அது வாழும் நீரிலிருந்து வருகிறது. உங்கள் விலங்கும் அப்படியே இருக்கட்டும். இரும்புச் சுரங்க மலையில் வாழும் டிராகனின் செதில் ஒரு விதமாகவும், சுண்ணாம்பு மலையில் வாழும் அதே இனத்தின் செதில் வேறு விதமாகவும் இருந்தால், "எந்த மலைச் செதில்?" என்று கேட்டு வாங்கும் வியாபாரிகளும், மலைப் பெயரை மாற்றிச் சொல்லி ஏமாற்றும் தரகர்களும் கதைக்குள் தாமாகவே வந்துவிடுவார்கள். இரும்புச் சல்பைடு ஈரக் காற்றில் அரிக்கப்படும் பொருள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தடவிப் பாதுகாக்காத கவசம் மெல்ல மெல்லத் துருப்பிடிக்கும்.

ஆழ்கடல் சுரங்கத் தொழிலால் ஏற்படக்கூடிய ஆபத்தைக் காரணம் காட்டி, 2019-ஆம் ஆண்டில் இந்த நத்தை அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் செதிலுக்காக யாரும் அதைத் தேடவில்லை. அது குடியிருக்கும் தரையில் உள்ள உலோகத்துக்காகத் தேடுகிறார்கள்.

கேள்வி: யூனிகார்ன் என்ற ஒற்றைக்கொம்புக் குதிரை கற்பனை விலங்கு. ஆனால் அதன் கொம்பை மன்னர்கள் விலை கொடுத்து வாங்கியதாகப் படித்தேன். இல்லாத விலங்கின் கொம்பை எப்படி விற்றார்கள்? (ஆசிரியை ஒருவர்)

பதில்: விலங்கு இல்லையே தவிர, கொம்பு இருந்தது. வட துருவக் கடல்களில் வாழும் நார்வால் என்ற திமிங்கிலத்தின் தந்தம்தான் அது. தந்தம் என்று சொல்வதுகூட மரியாதைக்காகத்தான். அது மேலுதட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே நீளும் ஒரு பல், பெரும்பாலும் இடப்பக்கத்துப் பல். மூன்று மீட்டர் வரை நீளக்கூடியது. அதன் மேற்பரப்பில் கயிறு முறுக்கியதுபோன்ற வரிகள் இருக்கும். முறுக்கு எப்போதும் இடப்பக்கமாகவே சுழலும். நாம் இன்று படங்களில் காணும் யூனிகார்னின் கொம்பில் அந்த முறுக்கு இருப்பதற்குக் காரணம், ஓவியர்களின் கண்முன் இருந்தது நார்வாலின் பல் என்பதே.

இந்த நம்பிக்கையின் எழுத்துச் சான்று இன்னும் பழையது. பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த கிடீசியஸ் என்ற கிரேக்கர், ஏறத்தாழ கி.மு. 400-இல், இந்தியாவில் ஒற்றைக்கொம்புள்ள காட்டுக் கழுதைகள் இருப்பதாகவும், அந்தக் கொம்பில் செய்த கிண்ணத்தில் குடிப்பவர்களை நஞ்சு தீண்டாது என்றும் எழுதினார். அவர் இந்தியாவுக்கு வந்தவரல்லர். காண்டாமிருகத்தைப் பற்றிய செவிவழிச் செய்தி பல கைகள் மாறி அவரிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். நஞ்சு முறிக்கும் கொம்பு என்ற எண்ணம் ஐரோப்பிய அரண்மனைகளில் வேரூன்றியதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. சாப்பாட்டில் நஞ்சு வைப்பார்களோ என்று தினமும் அஞ்சி வாழ்ந்தவர்களுக்கு எந்த விலையும் பெரிய விலையாகத் தோன்றியிருக்காது.

1577-இல் மார்ட்டின் ஃப்ரோபிஷர் என்ற மாலுமி வடகடல் பயணத்தில் ஒரு நார்வாலின் உடலைக் கண்டெடுத்தார். அதன் தந்தம் இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசியிடம் போய்ச் சேர்ந்தது. 1582-இல் ஆம்ப்ரோய்ஸ் பாரே என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர், இந்தக் கொம்பு மருந்தே அல்ல என்று வெளிப்படையாக எழுதினார். கோபன்ஹேகனில் ஓலே வோர்ம் என்ற மருத்துவர், 1638-இல், சந்தையில் யூனிகார்ன் கொம்பு என்று விற்கப்படுவது நார்வாலின் தந்தம்தான் என்று சான்றுகளோடு நிறுவினார். அதோடு நின்றிருக்கலாம். கொம்பு யாருடையது என்ற கேள்வியைத் தீர்த்த அதே மனிதர், அது நஞ்சை முறிக்குமா என்பதை அறிய வளர்ப்பு விலங்குகளுக்கு நஞ்சு கொடுத்து, நார்வால் தந்தப் பொடியையும் ஊட்டிப் பார்த்து, அவை பிழைத்துக்கொண்டன என்றும் சொல்லியிருக்கிறார். எந்த நஞ்சை எவ்வளவு கொடுத்தார் என்பதை வைத்துத்தான் அந்த முடிவை எடைபோட வேண்டும்.

வோர்ம் உண்மையைச் சொன்ன பிறகு அதன் மதிப்பு மெல்லச் சரிந்தது, உடனே சரியவில்லை. டென்மார்க் மன்னர்கள் முடிசூட்டு அரியணையை நார்வால் தந்தங்களால் அலங்கரித்து அமைத்தார்கள். 1671-இல் ஐந்தாம் கிறிஸ்டியன் அதில் அமர்ந்து முடிசூடினார். அந்த அரியணை கோபன்ஹேகனின் ரோசன்போர்க் மாளிகையில் இன்றும் இருக்கிறது. நார்வால்கள் உலவும் கிரீன்லாந்துக் கடலோடு தொடர்பு வைத்திருந்த நாடு அது என்பதால், அந்தப் பொருளின் பிறப்பிடம் மற்ற எல்லா அரசவைகளையும்விட அங்கே நன்றாகத் தெரிந்திருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கைவினைப் பொருளாக இதைக் கதையில் கொண்டுவர விரும்பினால் ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். தந்தத்தின் உள்ளே பற்கூழ்க் குழி ஏறத்தாழ முழு நீளத்துக்கும் ஓடுகிறது. அதனால் அதை இழைத்துப் பெரிய சிற்பம் செய்ய இயலாது. கைத்தடி, செங்கோல், குழல் ஆகியவற்றுக்குத்தான் ஏற்றது.

கேள்வி: நெருப்பில் வாழும் சாலமாண்டரின் உரோமத்தால் நெய்த துணி எரியாது என்று ஒரு விளையாட்டில் வருகிறது. இதற்கு ஏதேனும் அடிப்படை உண்டா? (பள்ளி மாணவி ஒருவர்)

பதில்: துணி உண்மை, உரோமம் பொய். சாலமாண்டர் என்பது ஈரத்தோல் கொண்ட, தவளைக்கு உறவான சிறு விலங்கு. அதற்கு உரோமமே கிடையாது. ஈரமான மரக்கட்டைகளுக்குள் ஒளிந்திருக்கும் அது, கட்டை அடுப்பில் விழுந்ததும் வெளியே ஓடி வருவதைப் பார்த்தவர்கள், அது நெருப்பிலேயே பிறந்ததாக எண்ணியிருக்கலாம்.

எரியாத துணியோ கல்நாரால் (ஆஸ்பெஸ்டாஸ்) நெய்யப்பட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்கோ போலோ, சாலமாண்டர் என்பது விலங்கே அல்ல, மலையில் தோண்டி எடுக்கப்படும் பொருள் என்று தெளிவாக எழுதிவிட்டார். தோண்டியதை உலர்த்தி, உரலில் இடித்து, கழுவி மண்ணை நீக்கினால் கம்பளி போன்ற நார் மிஞ்சும். அதை நூற்று நெய்கிறார்கள். நெய்த துணியை நெருப்பில் இட்டால் வெளுத்து வெண்மையாகிவிடும் என்று அவர் விவரிக்கிறார். அழுக்கான துணியை நீரில் துவைக்காமல் நெருப்பில் போட்டு எடுப்பது, எந்த விருந்திலும் எல்லோரையும் வாய்பிளக்க வைத்திருக்கும் காட்சி.

அந்தத் துணியை நெய்தவர்களைப் பற்றி விளையாட்டுகள் பேசுவதில்லை. கல்நாரின் நுண்ணிய இழைகள் மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். புற்றுநோயாகவும் நுரையீரல் தழும்பாகவும் அது வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும். இடிக்கும் வேலையில் அந்த இழைகள் அதிகமாகப் பறக்கும். சாலமாண்டர் துணி நெய்யும் ஊர் ஒன்று உங்கள் கதையில் இருந்தால், அங்கே துணி எரியாமல் இருப்பது அதிசயம் அல்ல. அந்த ஊரில் வயதானவர்களே இல்லாமல் இருப்பதுதான் வழிப்போக்கர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

கேள்வி: எழுபது அடி நீள டிராகனை வீழ்த்தினாலும் விளையாட்டில் இரண்டே இரண்டு செதில்கள்தான் கிடைக்கின்றன. மீதி எங்கே போகிறது? (பொறியாளர் ஒருவர்)

பதில்: விளையாட்டை வடிவமைத்தவர்களின் கணக்குப் புத்தகத்துக்குப் போகிறது. ஒரே வேட்டையில் முழுக் கவசமும் கிடைத்துவிட்டால் நீங்கள் மறுநாள் விளையாட வர மாட்டீர்கள் அல்லவா! இருந்தாலும், கதைக்குள் பொருந்தும் நியாயம் ஒன்றும் சொல்லலாம். போரில் வாள் பட்டவை பிளந்திருக்கும். கால்களிலும் கழுத்திலும் உள்ளவை சிறியவை. வாலில் இருப்பவை தேய்ந்தவை. ஒரே அளவில், ஒரே வளைவில், விரிசலின்றிக் கிடைக்கும் நெஞ்சுச் செதில்கள் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு என்பது மிகையான கருமித்தனம்.

கேள்வி: விலங்கைக் கொல்லாமல் இத்தகைய பொருள்களைப் பெறுவதாக எழுதினால் கதையின் விறுவிறுப்புக் குறைந்துவிடாதா? (இளம் எழுத்தாளர் ஒருவர்)

பதில்: குறையாது, விறுவிறுப்பு வேறு இடத்துக்கு மாறும். கொல்லும் கதை ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. கொல்லாமல் எடுக்கும் கதையில் மனிதனும் விலங்கும் ஆண்டுதோறும் சந்தித்தாக வேண்டும்.

ஐஸ்லாந்தில் ஈடர் என்ற கடல் வாத்து தன் நெஞ்சிலிருந்து மென்தூவியைப் பிடுங்கிக் கூட்டில் பரப்பி முட்டையிடுகிறது. அந்தத் தூவிக்கு உலகச் சந்தையில் மிக உயர்ந்த விலை உண்டு. அங்குள்ள உழவர்கள் வாத்தை அடைத்து வைப்பதில்லை. வாத்துகள் தாமாகக் கடலிலிருந்து வந்து கூடு கட்டும் காலத்தில், நரியும் பெரும் பறவைகளும் அண்டாமல் காவல் இருக்கிறார்கள். அதற்குக் கூலியாகக் கூட்டில் உள்ள தூவியை எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கிலோ தூவி சேர ஏறத்தாழ அறுபது கூடுகள் வேண்டும். காவல் சரியில்லை என்றால் வாத்துகள் அடுத்த ஆண்டு வேறிடம் போய்விடும். இந்த உறவில் வாத்தின் இடத்தில் ஒரு டிராகனை வைத்துப் பாருங்கள். தோலுரிக்கும் பருவத்தில் அது பலவீனமாகக் குகைக்குள் கிடக்கும்போது, வேட்டைக்காரர்களிடமிருந்து அதைக் காப்பது ஒரு ஊரின் வேலை. அது உதறிவிட்டுப் போகும் செதில்கள் ஊருக்குச் சொந்தம். காவலிருப்பவன் ஒருவன் கடனில் சிக்கியிருக்கிறான் என்று மட்டும் சேர்த்துவிட்டால் உங்களுக்குக் கதை கிடைத்துவிடும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மானின் கிளைக்கொம்பு ஆண்டுதோறும் தானாக விழுந்து மீண்டும் முளைக்கும். ஆட்டின் கொம்பும் மாட்டின் கொம்பும் அப்படி விழுவதில்லை. காண்டாமிருகக் கொம்பு கெரட்டினால் ஆனது, அளவாக அறுத்தால் மீண்டும் வளரும்; ஆயினும் வேட்டைக்காரர்கள் அந்தப் பொறுமையைக் காட்டவில்லை. எறும்புத்தின்னியின் செதிலோ உயிரோடு எடுக்கும் வழியே இல்லாத பொருள். அதன் எட்டு இனங்களையும் பன்னாட்டு வணிகத்திலிருந்து முற்றிலும் விலக்க 2016-இல் உலக நாடுகள் முடிவெடுக்க வேண்டிவந்தது. நம் நகத்தில் இருக்கும் அதே புரதத்துக்காகத்தான் அத்தனை உயிர்கள் போயின. உங்கள் விலங்கின் பொருள் இவற்றில் எந்த வகை என்பதை முடிவு செய்துவிட்டால், அதைச் சுற்றி எழும் சட்டமும் திருட்டும் அதற்கேற்ப அமையும்.

கேள்வி: நாகமணி உண்மையா? (பலர்)

பதில்: இல்லை. பாம்பின் தலையில் கல் விளைவதற்கான உறுப்பும் இல்லை, இடமும் இல்லை. ஐரோப்பாவில் தேரையின் தலையில் நஞ்சு முறிக்கும் கல் இருப்பதாக நம்பி மோதிரங்களில் பதித்து அணிந்தார்கள். அந்தக் கற்களை ஆராய்ந்தபோது அவை லெபிடோட்டீஸ் என்ற, அழிந்துபோன மீனின் புதைபடிவப் பற்கள் என்று தெரிந்தது. அவற்றின் பழுப்பு நிறப் பளபளப்பு உண்மையிலேயே அழகானது.

கேள்வி: சீன மருத்துவத்தில் டிராகன் எலும்பு என்று ஒன்று உண்டாமே? (மருந்தாளுநர் ஒருவர்)

பதில்: உண்டு. அவை பழங்கால விலங்குகளின் புதைபடிவ எலும்புகளும் பற்களும். பொடித்து மருந்தில் சேர்த்தார்கள். அந்த மருந்துச் சரக்கிலிருந்து இரண்டு பெரிய கண்டுபிடிப்புகள் பிறந்தன. எலும்புகள் சிலவற்றில் கீறப்பட்டிருந்தவை பண்டைய எழுத்துகள் என்று 1899-இல் வாங் யிரோங் என்ற அறிஞர் இனங்கண்டார். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஷாங் அரச மரபின் குறி கேட்கும் எலும்புகள் அவை. 1935-இல் ஹாங்காங் மருந்துக் கடையில் கிடைத்த ஒரு பெரிய கடைவாய்ப் பல்லைக் கொண்டு, கொனிக்ஸ்வால்ட் என்ற ஆய்வாளர் ஜைஜாண்டோபிதிகஸ் என்ற, இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பெரிய வாலில்லாக் குரங்கினத்தை அறிவித்தார். இந்த இரண்டும் கண்ணில் படுவதற்கு முன் எத்தனை நூல்களும் எத்தனை குரங்குகளும் கஷாயமாகிப் போயினவோ!

கேள்வி: கவசம் செய்த பிறகு டிராகனின் உடலில் மீதமுள்ளவற்றைக் கொண்டு என்ன செய்வதாக எழுதலாம்? எல்லோரும் வாளும் கேடயமும் மட்டுமே எழுதுகிறார்கள். (முதல் கேள்வியைக் கேட்டவரின் தங்கை)

பதில்: வில் செய்யுங்கள். எலும்பில் செய்த வாள் என்பது பார்வைக்கு மிரட்டலாக இருக்கும்; எஃகோடு மோதினால் விளிம்பு சிதறிவிடும். வில்லோ விலங்கின் உடலுக்கென்றே பிறந்த ஆயுதம். ஆசியப் புல்வெளி வீரர்களின் கூட்டு வில்லில் நடுவே மெல்லிய மரம், எய்பவரை நோக்கிய பக்கத்தில் கொம்புப் பட்டை, எதிர்ப்பக்கத்தில் தசைநார் என மூன்று அடுக்குகள் இருக்கும். வில்லை வளைக்கும்போது கொம்பு நசுங்குதலைத் தாங்கும். தசைநார் இழுபடுதலைத் தாங்கும். மரத்தால் மட்டுமே செய்த வில்லுக்கு ஆள் உயர நீளம் வேண்டும். இதற்கு அதில் பாதியளவு போதும் என்பதால் குதிரைமேல் இருந்தபடியே இருபுறமும் எய்யலாம்.

உங்கள் அக்காளின் நாயகி செய்ய வேண்டியது இதுதான். முதுகெலும்பை ஒட்டி ஓடும் நீண்ட தசைநாரைக் காயவைத்து, மரச் சுத்தியலால் தட்டித் தட்டி நூல் நூலாகப் பிரிக்க வேண்டும். தோல் துண்டுகளையும் நார்க் கழிவுகளையும் கொதிக்கவிடாமல் மிதமான சூட்டில் நெடுநேரம் வைத்தால் பசை இறங்கும். ஆறினால் பாகு போல் உறையும். நூல்களைப் பசையில் தோய்த்து, சீப்பால் வாரியதுபோல் ஒரே திசையில் படியவைத்து ஒட்ட வேண்டும். ஒவ்வோர் அடுக்கும் காய்ந்த பிறகே அடுத்த அடுக்கு. நல்ல வில் முழுமையாகக் காய்ந்து இறுகப் பல மாதங்கள், சில சமயம் ஓர் ஆண்டுகூட ஆகும். அவசரப்பட்டு நாணேற்றினால் அடுக்குகள் பிரிந்துவிடும். கொம்பையும் குளம்பையும் சீவிய தூளை வீணாக்காதீர்கள், அதில் தழைச்சத்து மிகுதி. வயலில் இட்டால் மெதுவாக மக்கிப் பயிருக்குப் போகும்.

தோல் பசைக்கு ஈரம் ஆகாது. உறைக்குள் வைக்காமல் நாள்கணக்கில் மழையில் நனைந்த கூட்டு வில்லின் பசை இளகி, வில் முறுக்கிக்கொண்டுவிடும். அக்காள் தன் கடைசிப் போரை மழைக்காலத்தில் வைத்திருந்தால், எண்ணெய் தடவிய தோலுறை ஒன்றையும் நாயகியின் தோளில் இப்போதே மாட்டிவிடச் சொல்லுங்கள்.